ஒரு மெஷினுக்கு இரண்டு ராஜா

அவருக்குப் பெண் பார்த்த காலத்திலேயே குழப்பம் ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று பெண் வீட்டார் கேட்க, "சர்வர் பாத்துக்கறார்" என்று தரகர் சொல்லிவைத்தார். பெண்ணின் அப்பா முகம் சுருங்கிப்போய், எந்த ஓட்டலில் என்று விசாரித்தார். ஓட்டல் இல்லை, ஸ்கேன் சென்டரில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டருக்குத்தான் அந்தப் பெயர் என்று புரியவைத்த பிறகு கல்யாணம் நடந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சொந்தக்காரர்கள் கூடிச் சாப்பிட உட்கார்ந்தால், "சர்வர், இந்தப் பக்கம் கொஞ்சம் தண்ணி" என்று இன்றைக்கும் ஒருவராவது சொல்லாமல் விடுவதில்லை. அவரும் சிரித்துக்கொண்டே எழுந்துபோய் ஊற்றுவார். ஊற்றாவிட்டால் கோபித்துக்கொண்டார் என்று ஆகிவிடுமே.

கம்ப்யூட்டர் படித்துவிட்டு அந்த வேலைக்கு வந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். படித்தது வணிகம். சேர்ந்தது டோக்கன் கொடுக்கிற வேலைக்கு. முன்பு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் வேறு நல்ல இடம் கிடைத்து ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். அடுத்து யார் என்று சென்டர் முதலாளியான டாக்டர் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். விவரம் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் குனிந்து வேலையில் மூழ்கியிருந்தார்கள். நம்மவர் மட்டும் மின்விசிறி ஏன் சத்தம் போடுகிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அப்படி அவர் நிபுணர் ஆனார்.

மெஷினை ஓட்டுகிற லினக்ஸ் என்ற மென்பொருள் வந்ததும் அதே தினுசில்தான். காசு கொடுக்காமல் கிடைக்கும் என்று யாரோ முதலாளியின் காதில் ஓதிவிட்டார்கள். ஓசியில் கிடைத்தால் பினாயிலைக்கூடக் குடிக்கிற ரகம் அவர். மறுநாளே போடச் சொல்லிவிட்டார். நம்மவர் புத்தகம் வாங்கி, பாதி புரிந்து, மீதியைத் தைரியத்தால் நிரப்பி, போட்டும் முடித்தார். ஓடியது. ஏன் ஓடுகிறது என்று அவரும் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை. இருவருக்கும் அந்த ஏற்பாடு பல வருஷம் நன்றாகவே போயிற்று.

கம்ப்யூட்டர் வைத்தியத்தில் அவர் கைவசம் மூன்றே நோய்கள் உண்டு. கனெக்‌ஷன் லூஸ், வைரஸ், டிஸ்க் போயிடுச்சு. முதல் இரண்டுக்கும் குணமாகாவிட்டால் மூன்றாவது. அதை அறிவிக்கும்போது மட்டும் ஒரு தனிக்களை வந்துவிடும். அறையிலிருந்து மெதுவாக வெளியே வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்க்காமல் சொல்வார். மாடியில் இருக்கும் ஆஸ்பத்திரியின் டாக்டர்களிடம் கற்றுக்கொண்டது அது.

வரவேற்பில் இருக்கும் பெண்மேல் அவருக்கு ஓயாத கோபம் ஒன்று இருந்தது. கம்ப்யூட்டர் நின்றால் அவள் ஓடிவந்து "சார், ஏதோ இங்கிலீஷ்ல வருது" என்பாள். என்ன வருகிறது என்று கேட்டால் தெரியாது, மூடிவிட்டேன் என்பாள். "ஸ்க்ரீன்ல எழுதியிருக்கறத படிக்கவே மாட்டியா? அது என்ன கோலமா, அழகுக்குப் போட்டிருக்கா?" என்று அவர் எகிறுவார். ஊருக்குத்தான் உபதேசம் என்பது அப்போது அவளுக்கும் தெரியாது.

டிஸ்க்குகளுக்கு அவர் பெயர் வைப்பது தனி அழகு. மெஷின் கண்விழிக்கும்போது, எந்த டிஸ்க்கிலிருந்து எழுந்து வருவது என்று பெயரைக் கூப்பிட்டுத் தேடும்படி ஏற்பாடு செய்யலாம் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. மற்றவர்கள் எண், வருஷம் என்று ஏதாவது வைப்பார்கள். இவர், முதல் டிஸ்க் மெஷினுக்கே ராஜா மாதிரி என்பதால் RAJA என்று எழுதிவைத்தார். கொஞ்சுவதுபோலவும் ஆயிற்று, மரியாதை கொடுத்ததுபோலவும் ஆயிற்று. பிறகு பழைய மெஷினை ஓரங்கட்டிப் புதியது வாங்கினார்கள். பழைய டிஸ்க்கைத் துணியில் சுற்றி இரும்பு அலமாரியில் வைத்துவிட்டு, புதிய டிஸ்க்குக்கும் அவர் RAJA என்றே பெயர் வைத்தார். கைப்பழக்கம்தான், வேறென்ன? வீட்டில் ஏழு குழந்தை இருந்தாலும் எல்லாவற்றையும் "கண்ணு" என்றே கூப்பிடுகிற தாய்மார்கள் இல்லையா? ஆனால் அந்தத் தாய்மார்கள் ஏழில் எது ஓடிவந்தாலும் வாரி அணைத்துக்கொள்வார்கள். மெஷினுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

வீட்டிலும் இதே கதைதான். அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில், கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பமாக இருந்தார்கள். தங்கை நம்மவரின் மனைவி. அக்காவின் புருஷன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டுக்குள் பேசினாலும் கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரலில்தான் பேசுவார். இருவரும் ஒருவரையொருவர் சகலை என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். அக்காளும் தங்கையும் புருஷன் பெயரைச் சொல்லுகிற வழக்கமில்லாதவர்கள். இரண்டு பேருக்கும் ஒரே அழைப்பு, "ஏங்க." குரலும் அச்சு அசல் ஒன்று. மாடிப்படியில் ஒரு "ஏங்க" கேட்டால் மேலே ஒருவர் எழுவார், கீழே ஒருவர் எழுவார். ஒருமுறை போனை எடுத்த நம்மவர், ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டதற்காக வெகுநேரம் திட்டு வாங்கி, இனிமேல் போடமாட்டேன் என்று சத்தியமும் செய்துவிட்டு வைத்தார். திட்டியது அக்கா. துண்டு கண்டக்டருடையது.

அந்த அக்காவுக்குத்தான் இப்போது வயிற்றில் வலி.

சில வருஷங்களுக்கு முன்னால் அவளுக்கு வயிற்றில் ஒரு கட்டி வந்து, அறுத்து எடுத்திருந்தார்கள். அந்தப் படுக்கையிலிருந்து எழுந்துவர அவள் பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல. புண் ஆறியபிறகு நம்மவரின் ஸ்கேன் சென்டரில்தான் படம் எடுத்துப் பார்த்து, சரி என்று சொன்னார்கள். இப்போது மறுபடியும் எடுத்த படத்தில் அதே இடத்தில் ஒரு நிழல். மாடி ஆஸ்பத்திரியின் சர்ஜன் அதை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். பழைய படத்திலும் இந்த நிழல் இதே அளவில் இருந்தால் அது அறுத்த இடத்துத் தழும்பு, பயமில்லை. இல்லையென்றால் புதிதாக முளைத்தது, தள்ளிப்போடாமல் நாளைக் காலையே வயிற்றைத் திறக்கவேண்டும். பழைய படம் எங்கே என்றார்.

பழைய படத்தை சிடியாகக் கொடுத்திருந்தார்கள். கண்டக்டர் அதை நூலில் கட்டிப் பால்கனியில் தொங்கவிட்டிருந்தார். புறா வராமல் இருக்க. வெயில் குடித்து, மழை குடித்து, அது இப்போது புறாவுக்கு முகம் பார்க்கத்தான் லாயக்கு. அக்கா புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். ஆயுள் முழுக்க டிக்கெட் இல்லாதவர்களை அதட்டியவர் அன்றைக்குத் தானே டிக்கெட் இல்லாதவர்போல் தலையைக் குனிந்துகொண்டார்.

"கவலைப்படாதீங்க அண்ணி, என்கிட்ட இருக்கு" என்றார் நம்மவர். சொல்லும்போதே அவருக்கு ஒரு சுற்றுப் பெருத்துவிட்டதுபோல் இருந்தது. படம் பழைய டிஸ்க்கில் இருந்தது. டிஸ்க் அலமாரியில் இருந்தது. அலமாரிச் சாவி அவர் இடுப்பில் இருந்தது.

கீழே போய் மெஷினை நிறுத்தினார். பழைய டிஸ்க்கைத் துணியிலிருந்து பிரித்து உள்ளே செருகினார். சுவிட்சைப் போட்டார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடி, பாதி வழியில் நின்றுவிட்டன. மெஷின் எழவில்லை. ஹாலில் ஸ்கேனுக்கு வந்தவர்கள் காத்திருந்தார்கள். முதலாளி கதவைத் திறந்து தலையை நீட்டி, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார். நம்மவர் பழைய டிஸ்க்கைப் பிடுங்கினார். மெஷின் சமர்த்தாக எழுந்தது. திரும்பச் செருகினார். படுத்துவிட்டது. முதலாளியின் தலை மறுபடியும் வந்தது, இந்த முறை கழுத்தோடு.

நின்றுபோன எழுத்துகளின் கடைசி வரியில், RAJA என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்க் இருக்கிறது என்று தெளிவாக எழுதியிருந்தது. கோலமாக நினைத்தாரோ என்னவோ, அவர் அதைப் படிக்கவில்லை. பழைய டிஸ்க்கைச் செருகினால் மெஷின் படுக்கிறது, ஆகவே பழைய டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவுகட்டினார். சகலை வீட்டுக்குள் வந்தால் நாய் குரைக்கிறது, ஆகவே சகலை செத்துவிட்டார் என்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று வந்தபிறகு நாலாவது காலை யார் எண்ணுவது? அந்தப் பழைய ரக டிஸ்க்கைச் செருகும் இடம் இந்த ஒரு மெஷினில்தான் இருந்தது, வேறு எதிலும் போட்டுப் பார்க்க வழியில்லை.

மாடிக்குப் போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டிஸ்க் போயிடுச்சு அண்ணி. எவ்வளவோ பாத்துட்டேன்."

எவ்வளவோ என்றால் இரண்டு முறை சுவிட்ச் போட்டது. அக்கா சரி என்பதுபோல் தலையை ஆட்டினாள். சர்ஜன் அடுத்த நாள் காலைக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். அன்றைக்கே சேர்த்துக்கொண்டு கட்டில் கொடுத்தார்கள். கண்டக்டர் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

மத்தியானம் முழுக்க நாலு பேரும் அந்த அறையில் இருந்தார்கள். வெள்ளைச் சுவர், பச்சைத் திரை, நகர்த்தினால் கீச்சிடும் ஒரு ஸ்டூல். தங்கை யாரும் தின்னாத பழத்தை உரித்து உரித்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா கைவளையலைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நம்மவர் தன் மனசாட்சிக்கு வேண்டிய ஆறுதல்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மின்னணுச் சாமான் என்றால் சாகத்தான் செய்யும், யார் என்ன செய்யமுடியும், எல்லாம் நேரம். மனசாட்சிக்கும் வேறு வேலை இல்லை, கேட்டுக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஆகிற வேளையில் அக்கா, "ஏங்க, கொஞ்சம் தண்ணி" என்றாள்.

கண்டக்டர் எழுந்தார். நம்மவரும் எழுந்தார். சகலை எழுந்துவிட்டாரே என்று இவர் உட்கார்ந்தார். இவர் எழுந்துவிட்டாரே என்று அவர் உட்கார்ந்தார். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, நீங்கள் போங்கள், இல்லை நீங்கள் போங்கள் என்று மரியாதை செய்துகொண்டார்கள். தண்ணீர் இருந்த இடத்திலேயே இருந்தது. ஊசி போட வந்த நர்ஸ்தான் கடைசியில் எடுத்துக் கொடுத்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரு வச்சா இப்படித்தான்" என்று அக்கா, அன்றைக்கு முதல்முறையாக, கொஞ்சம் சிரித்தாள். "ஒருத்தரும் வரமாட்டாங்க."

நம்மவருக்கு, இரண்டு டிஸ்க்குக்கும் RAJA என்றே தான் எழுதிவைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. யாரிடமும் சொல்லாமல் எழுந்து வெளியே வந்தார். படிகளில் ஓடினார். ஓடுகிற உடம்பு இல்லை அது. சாயங்காலக் கூட்டம் ஹாலை நிறைத்திருந்தது. மெஷினை நிறுத்தவேண்டும் என்று கேட்டால் முதலாளி விடமாட்டார் என்பதால் கேட்கவே இல்லை. உத்தியோக வாழ்க்கையில் அவர் அனுமதி இல்லாமல் செய்த முதல் காரியம் அதுதான். பழைய டிஸ்க்கைச் செருகி, சுவிட்சைப் போட்டு, திரை நின்ற இடத்தில் கண்ணை வைத்துப் படித்தார். கடைசி வரி மத்தியானம் சொன்னதையே பொறுமையாகத் திரும்பச் சொன்னது.

டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. RAJA எங்கே என்று மெஷின் கேட்டிருக்கிறது. இரண்டு ராஜா எழுந்து நின்றிருக்கிறார்கள். அது பழையவர் பின்னால் போய், அங்கே தனக்குப் பழக்கமான எதுவும் இல்லாமல் திகைத்து, நின்றுவிட்டது. அவ்வளவுதான் நோய்.

அவசரத்துக்கென்று லினக்ஸ் போட்டு வைத்திருந்த பென்டிரைவ் ஒன்று மேஜை டிராயரில் கிடந்தது. மெஷினை அதிலிருந்து எழுப்பி, பழைய டிஸ்க்கின் பெயரை மாற்றினார். ஒரே ஒரு வரி. என்ன பெயர் வைப்பது என்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. PAZHASU என்று அடித்தார். மறுபடியும் சுவிட்ச். எழுத்துகள் ஓடின, நின்ற இடத்தைத் தாண்டி ஓடின, மெஷின் எழுந்தது. பழைய டிஸ்க்கின் கதவைத் திறந்தால், உள்ளே அத்தனை பேரின் வயிறும் நெஞ்சும் மூளையும் வைத்தது வைத்தபடி இருந்தன. அக்காவின் படமும் இருந்தது. அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சந்தோஷமாக இருந்தது, கூடவே அவமானமாகவும் இருந்தது. எது முந்தி என்று அவருக்கே பிரித்துச் சொல்ல முடியாது.

சர்ஜன் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார். நிழல் அப்போதே இருந்தது. அதே இடம், அதே அளவு. தழும்புதான். வலிக்குக் காரணம் வேறு, அதற்கு மாத்திரை போதும், நாளைய ஏற்பாட்டை ரத்து செய்யுங்கள் என்றார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. செத்த டிஸ்க்கை சர்வர் உயிரோடு எழுப்பிவிட்டார் என்ற செய்தி லிஃப்டில் ஏறிக் கட்டிடம் முழுக்கப் பரவிவிட்டது. கண்டக்டர் வராந்தாவில் நின்று, சொந்தக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் போன் போட்டுச் சொன்னார். போன் இல்லாமலே அவர்களுக்குக் கேட்டிருக்கும். கூட்டத்தைக் காக்கவைத்ததற்குக் கத்த வந்த முதலாளி, விஷயம் தெரிந்ததும், எங்கள் சென்டரில் இப்படிப்பட்ட ஆட்கள்தான் வேலை பார்க்கிறார்கள் என்று சர்ஜனிடம் பெருமையடித்துக்கொண்டார். தங்கை புருஷனை, கல்யாணமான புதிதில் பார்த்ததுபோல் பார்த்தாள்.

நம்மவர் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். டிஸ்க் சாகவே இல்லை, தப்பு தன்னுடையது, தான்தான் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்றார். "பாத்தீங்களா டாக்டர், நிறைகுடம் தளும்பாதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றார் கண்டக்டர். நம்மவர் இன்னொரு தடவை சொன்னார். முதலாளி தோளில் தட்டிக்கொடுத்தார். இத்தனை வருஷமாக அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்ன பொய்யையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டவர்கள், முதல்முறையாக அவர் சொன்ன உண்மையை அடக்கம் என்று தள்ளிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக் கணக்கை முடிக்க மற்றவர்கள் கீழே போனபோது அறையில் அக்காவும் அவரும் மட்டும் இருந்தார்கள். அவள் கட்டிலில் உட்கார்ந்து வளையலை மறுபடியும் கையில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு டிஸ்க்குக்கும் நான் ஒரே பேர் வச்சிருந்தேன் அண்ணி" என்றார். "அதான் மெஷின் குழம்பிடுச்சு. எழுதிக்கூடக் காட்டுச்சு. நான் படிக்கல."

அவள் வளையலை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். "அப்ப மத்தியானமே எடுத்திருக்கலாமா?"

"எடுத்திருக்கலாம்."

அவள் வளையலை மடியில் வைத்தாள்.

"மத்தியானம் பூரா நான் என்ன யோசிச்சிட்டிருந்தேன் தெரியுமா மாப்பிள்ளை? போன தடவையே பாதி உயிரு போயிடுச்சு. இந்தத் தடவை எழுந்து வரமாட்டேன்னுதான் தோணுச்சு. சரி, நான் போயிட்டா இந்த மனுஷன யாரு பாத்துப்பா? மாத்திரை எதுன்னு தெரியாது, துண்டு எங்கன்னு தெரியாது. கட்டிக்கொடுத்த பொண்ணுக்கு அவ குடும்பத்தப் பாக்கவே நேரமில்ல. தங்கச்சிக்கு முணுக்குன்னா கோவம் வரும். ஒவ்வொருத்தரா நினைச்சு நினைச்சுப் பாத்து, கடைசியில உங்ககிட்டதான் விட்டுட்டுப் போகணும்னு முடிவு பண்ணேன். உங்களுக்குத்தான் பொறுமை, நீங்கதான் எதையும் நின்னு பாப்பீங்கன்னு."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவள் முன்னால் நின்றுகொண்டு, ஆஸ்பத்திரித் திரையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதார். அவள் அவரைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. வளையலை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தாள்.

கண்டக்டர் காகிதங்களோடு உள்ளே வந்து, இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதே, சகலை எதற்கு அழுகிறார் என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல" என்றாள் அக்கா, கட்டிலிலிருந்து இறங்கிப் புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு. "உங்களப் பாத்துக்க ஒரு ஆளு பாத்து வச்சிருந்தேன். சரிப்பட்டு வரமாட்டார் போல. நானே இருந்து பாத்துக்கறேன்."